பழைய ட்ரம்ப் கார்டுகளை மறுபடியும் சேர்க்கத் தொடங்குவது எப்படி?

தொண்ணூறுகளில் பள்ளி இடைவேளையை டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்தக் கார்டும் கிரிக்கெட் கார்டுமாகக் கழித்தவர்களுக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது. அன்று அம்மாவிடம் கெஞ்சி வாங்கியதை இன்று சொந்தக் காசில் வாங்கலாம். ஆசை வந்துவிட்டது, எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்காக இது.

1. முதலில் வீட்டில் தேடுங்கள்

உடனே ஆன்லைனில் எதையும் வாங்க வேண்டாம். பரண், டிரங்குப் பெட்டி, பழைய பிஸ்கட் டப்பா எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். கிடைத்த கட்டில் ரப்பர் பேண்ட் ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள், மையும் சேர்ந்து வந்துவிடும். ஒட்டாத இடத்தில் கத்தரித்துவிட்டு, ஒட்டிய துணுக்கை அப்படியே விடுங்கள். தூசிக்கு உலர்ந்த பிரஷ் போதும். ஈரத்துணி கூடவே கூடாது.

2. எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

"எல்லாமும்" என்று கிளம்பினால் பர்ஸ் காலி. ஒரே வீரரின் கார்டுகள், பிக் ஃபன் பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்கள், அல்லது சிறுவயதில் பாதியில் நின்றுபோன ஒரு கட்டு என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் ஓட்டு கடைசி வகைக்கு. முழுசாகச் சேர்ந்தால் உட்கார்ந்து விளையாடவும் செய்யலாமே!

3. கார்டின் வயதைக் கண்டுபிடியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். நம்மூர்க் கார்டுகள் பலவற்றில் அச்சிட்டவர் பெயரும் இருக்காது, ஆண்டும் இருக்காது. ஆனால் கார்டில் வீரரின் புள்ளிவிவரம் இருக்கிறதே, அது காட்டிக் கொடுத்துவிடும்.

லாராவின் டெஸ்ட் அதிகபட்சம் 375 என்று இருந்தால், அந்தக் கார்டு 1994 ஏப்ரலுக்கு முன்பு அச்சாகியிருக்க முடியாது. 400 என்றால் 2004 ஏப்ரலுக்குப் பிறகுதான். டெண்டுல்கருக்கு ஒருநாள் போட்டிச் சதம் ஒன்றாவது இருந்தால் 1994 செப்டம்பருக்குப் பிந்தையது. கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத்தான் முதல் சதம் அடித்தார். பாகிஸ்தானின் சயீத் அன்வர் பெயரில் 194 இருக்கிறதா? சேப்பாக்கத்தில் அந்த அடி விழுந்தது 1997 மே மாதம். நம்மில் சிலர் அதை நேரிலேயே பார்த்து நொந்திருப்போம்.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு ஒரு பக்கமாகத்தான் செல்லும். பழைய புள்ளிவிவரத்தை அப்படியே காப்பியடித்துப் பல ஆண்டுகள் கழித்து அச்சிட்டவர்களும் உண்டு. அதனால் ஒரே ஒரு கார்டை வைத்து முடிவு செய்யாமல், கட்டு முழுவதிலும் மிகப் புதிய சாதனை எது என்று தேடுங்கள். மல்யுத்தக் கார்டிலும் இதே கதைதான். டபிள்யூ.டபிள்யூ.எஃப். 2002இல் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது. புதிய பெயர் இருந்தால் அதற்குப் பிந்தையது என்று உறுதி. பழைய பெயர் இருப்பதை மட்டும் வைத்துப் பழசு என்று நம்பிவிடக் கூடாது.

4. பத்திரப்படுத்துங்கள்

லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. ஸ்லீவ் எனப்படும் மெல்லிய உறை போதும்; பிவிசி வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். சர்வதேசக் கார்டுகள் சுமார் 63 x 88 மி.மீ. அளவு, ஸ்லீவும் அதற்கேற்பவே வரும். நம்மூர்க் கட்டுகளின் அளவு பலவிதம் என்பதால் ஸ்கேலால் அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். கடலோர ஊர் என்றால் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் அவசியம்.

5. அப்புறம்தான் வாங்குவது

அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டின் மிக்கி மேன்டில் பேஸ்பால் கார்டு ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்தக் கார்டுக்குத் தயாரிப்பாளர், ஆண்டு, வரிசை எண் எல்லாம் உண்டு. நிலையைப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும் நிறுவனங்களும் அங்கே உண்டு. நம் கார்டுகள் எத்தனை அச்சானது என்பதற்கே கணக்கு கிடையாது. எனவே "ரேர் பீஸ்" என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு, இரண்டு பக்கமும் படம் கேளுங்கள். கட்டாக வாங்கினால் எல்லாக் கார்டையும் பரப்பி ஒரே படமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டபுள் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டுவது சகஜம்.

உங்களிடம் டபுளாக இருப்பதை விற்க அவசரப்படாதீர்கள். காசுக்குத் தர மறுப்பவர்கூட, தன்னிடம் இல்லாத கார்டைக் காட்டினால் மாற்றிக்கொள்வார்.