வரவேற்பு மேடை கேக்கிற்குப் பூ அலங்காரம்

திருமண வரவேற்பில் வைக்கும் அடுக்கு கேக்கை உண்மையான பூக்களால் அலங்கரிக்க விரும்புவோர், நிறத்தைப் பற்றி யோசிக்கும் முன்பே, அந்தப் பூ உணவின் மேல் வைக்கத் தக்கதா என்று பார்க்க வேண்டும். அரளியும் செங்காந்தளும் ஊமத்தையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் நச்சுச் செடிகள். அவற்றைக் கேக்கின் அருகிலேயே கொண்டுவரக் கூடாது. பச்சை நிறத்துக்காகப் பலரும் செருகும் குரோட்டன்ஸ் இலையின் பாலும் தீங்கானதே; அதற்குப் பதிலாகத் துளசியையோ புதினாவையோ வைக்கலாம்.

ரோஜா, செம்பருத்தி, சங்குப்பூ ஆகியவை உண்ணத் தக்கவை. ஆயினும் செம்பருத்தியும் சங்குப்பூவும் பூத்த அன்றே வாடிவிடுவதால், மாலை நிகழ்ச்சிக்கு ரோஜாவையே நான் பரிந்துரைப்பேன். பூக்கடை ரோஜா பெரும்பாலும் பூச்சிமருந்து தெளித்து வளர்க்கப்படுவது. கழுவிவிட்டால் போதும் என்று எண்ணிக் கிரீமின் மேல் நேராக வைப்பது பெரும் தவறு. மருந்து தெளிக்காமல் வீட்டிலோ தெரிந்தவர் தோட்டத்திலோ வளர்ந்த பூவே கிரீமைத் தொடலாம். கடைப் பூதான் கிடைக்கும் என்றால், அதன் அடியில் வட்டமாக வெட்டிய பட்டர் பேப்பரை வைத்துவிட வேண்டும்.

காம்பை ஒருபோதும் கேக்கினுள் நேராகக் குத்தக் கூடாது. அகலமான ஸ்ட்ராவைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை உருக்கிய வெள்ளை சாக்லேட்டில் தோய்த்து இறுகவிட்டால், காம்பின் சாறு கசியாத சிறு குழாய் கிடைக்கும். அடைத்த முனை கீழே இருக்குமாறு அதைக் கேக்கில் செருகி, முந்தைய இரவு முழுவதும் தண்ணீரில் நிறுத்திவைத்த ரோஜாவின் காம்பைத் துடைத்து அதனுள் இறக்க வேண்டும்.

பெரிய பூக்களை முதலில் ஓர் அடுக்கின் விளிம்பில் நெருக்கமாக அமைத்து, அங்கிருந்து கீழடுக்கை நோக்கிச் சரிவாகச் சிறியவற்றைத் தொடர்வது கண்ணுக்கு நிறைவாக இருக்கும். கேக்கின் பெரும்பகுதியை வெறுமையாக விடத் தயங்க வேண்டாம். சுற்றிலும் பூவை நிரப்பினால் எந்தப் பூவும் எடுபடாது. வெயில் காலத்தில் பட்டர்கிரீம் இளகிப் பூவின் எடையில் வழுக்கும் என்பதால், கேக்கைக் குளிர்பெட்டியிலிருந்து குளிரூட்டிய மண்டபத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திய பின்னரே பூக்களை வைக்க வேண்டும். மேடையில் வெகுநேரம் நிற்க வேண்டிய கேக் என்றால், அடி அடுக்குகளைத் தெர்மாகோலில் அமைத்து ராயல் ஐசிங் (காய்ந்து கெட்டியாகும் சர்க்கரைப் பூச்சு) பூசி, வெட்டுவதற்கான மேலடுக்கை மட்டும் உண்மையான கேக்காக வைத்துக்கொண்டு, விருந்தினர்களுக்கான கேக்கைச் சமையலறையில் தனியாக வைத்திருப்பது நல்லது.

செருகிய பூக்களையும் ஸ்ட்ராத் துண்டுகளையும் எண்ணி எழுதி, பரிமாறுபவரிடம் கொடுத்துவிடுங்கள். அத்தனையும் வெளியே வந்துவிட்டன என்று சரிபார்த்த பிறகே அவர் கேக்கைத் துண்டு போட வேண்டும்.