குறைந்த முதலீட்டில் தரோபிரெட் குட்டி: தாய்க்குதிரையையும் பொலிகுதிரையையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

தரோபிரெட் இனத்தில் பந்தயக் குதிரையை உருவாக்க நினைக்கும் புதியவர்களில் பெரும்பாலோர் முதலில் பொலிகுதிரைகளின், அதாவது இனவிருத்திக்கு விடும் ஆண்குதிரைகளின், பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள். கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். பொலிகுதிரையை ஆண்டுதோறும் மாற்றலாம். ஆனால் வாங்கிவிட்ட தாய்க்குதிரை பல ஆண்டுகள் உங்கள் லாயத்தில் நின்று தீனி தின்னும், ஈனும் ஒவ்வொரு குட்டியின் மதிப்பையும் அதுவே தீர்மானிக்கும். எனவே முதலில் தாய், அதன் பின் அந்தத் தாய்க்குப் பொருந்தும் பொலிகுதிரை என்ற வரிசையில் செல்வோம்.

படி 1: பணத்தைப் பிரித்து வையுங்கள்

பொலிகுதிரையின் உரிமையாளருக்குத் தரும் சேர்க்கைக் கட்டணம் மொத்தச் செலவில் ஒரு பகுதி மட்டுமே. குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள்கள். பிறந்த குட்டியை ஒன்றரை வயதளவில் ஏலத்தில் விற்பதாக வைத்துக்கொண்டால், இணைசேர்த்த நாளிலிருந்து பணம் திரும்பி வர இரண்டரை ஆண்டுகள் ஆகும். அதுவரை தீனி, குளம்புப் பராமரிப்பு, குடற்புழு நீக்கம், தடுப்பூசி, மருத்துவர் கட்டணம் எல்லாம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஓர் ஆண்டு சினை பிடிக்காமல் போனாலும் இந்தச் செலவு குறையாது என்பதால், ஒரு வெற்று ஆண்டைத் தாங்கும் பணத்தைத் தனியே எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதே குதிரை வாங்குவதற்கான தொகை.

இன்னொரு விதியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தரோபிரெட் வம்சப் பதிவேடுகள் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியையும், கரு மாற்று முறையில் பிறந்த குட்டியையும் ஏற்பதில்லை. இயற்கையான இணைசேர்க்கை மட்டுமே செல்லும். ஆகவே உங்கள் குதிரை பொலிகுதிரை நிற்கும் பண்ணைக்குப் பயணம் செய்தாக வேண்டும். போக்குவரத்து, அங்கே தங்க வைக்கும் செலவு, முதல் முறை சினை பிடிக்காவிட்டால் மீண்டும் ஒரு பருவச் சுழற்சி காத்திருக்கும் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், தொலைவில் உள்ள சற்றே உயர்ந்த பொலிகுதிரையைவிட அருகில் உள்ள நல்ல பொலிகுதிரை பெரும்பாலும் சிக்கனமானது.

படி 2: ஏலப் பட்டியலின் பக்கத்தை வாசிக்கப் பழகுங்கள்

தாய்க்குதிரையின் தேர்வு இந்த ஒரு பக்கத்தில்தான் தொடங்குகிறது. மேலே முதல் தாய் (விற்பனைக்கு வந்த குதிரையின் தாய்), அதன் கீழே இரண்டாம் தாய் (அந்தத் தாயின் தாய்), மூன்றாம் தாய் என்று வம்சம் இறங்கிச் செல்லும். தரவரிசைப் பந்தயங்களில் வென்ற அல்லது இடம் பிடித்த குதிரைகளின் பெயர்கள் தடித்த எழுத்தில் இருக்கும். பக்கம் முழுவதும் தடித்த எழுத்து தெரிந்தாலும், அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முதல் தாயின் கீழ் வெறுமையாக இருந்து, மூன்றாம் தாயின் பேத்தி ஒருத்தி வென்ற பந்தயத்தால் பக்கம் நிரம்பியிருந்தால், அந்தப் புகழ் உங்கள் குட்டிக்கு வந்து சேரும் வாய்ப்பு குறைவு.

அடுத்து, விற்பனைக்கு வந்த குதிரை ஈன்ற குட்டிகளில் எத்தனை ஓடின, எத்தனை வென்றன என்று எண்ணுங்கள். ஓடும் வயதை எட்டிய ஐந்து குட்டிகளில் இரண்டு மட்டுமே பந்தயத் திடலைக் கண்டிருந்தால், மற்ற மூன்றும் ஏன் ஓடவில்லை என்று விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும். கால் பலவீனம் பரம்பரையாக வருவதற்கான அறிகுறி பெரும்பாலும் இந்த மௌனத்தில்தான் ஒளிந்திருக்கும். நல்ல பொலிகுதிரைகளுடன் சேர்ந்தும் மூன்று நான்கு சாதாரணக் குட்டிகளையே தந்த வயதான தாய், விலை எவ்வளவு இறங்கினாலும் மலிவானது அல்ல என்பது என் கருத்து.

சிறிய பணத்துக்கு ஏற்றது, வலுவான குடும்பத்தில் பிறந்து, தான் மட்டும் ஓடாத அல்லது ஒரே ஒரு பந்தயம் வென்ற இளம் பெட்டைதான். அதன் தம்பி தங்கையர் இன்னும் ஓட வேண்டிய வயதில் இருந்தால் மேலும் நல்லது. அவற்றில் ஒன்று வென்றால், நீங்கள் எதுவும் செய்யாமலேயே உங்கள் குதிரையின் பக்கத்தில் தடித்த எழுத்து கூடும். 2014-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற கலிஃபோர்னியா குரோமின் தாய் லவ் த சேஸ் ஒரே ஒரு பந்தயம் வென்றது. 8,000 டாலருக்குக் கைமாறியது. ஆனால் அதன் வம்சத்தில் தந்தை வழியிலும் தாய் வழியிலும், 1971-இல் அமெரிக்காவின் சிறந்த இரண்டு வயதுப் பெட்டையாகத் தேர்வான நம்பர்ட் அக்கவுன்ட் இருந்தது. லவ் த சேஸின் விலைதான் மலிவு, குடும்பம் அல்ல.

படி 3: உடலையும் கருப்பையையும் சோதியுங்கள்

சமதளத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். பிறகு உங்களை நோக்கியும் உங்களிடமிருந்து விலகியும் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். முன்னங்கால் முட்டி பின்னோக்கி வளைந்திருப்பது நான் முதலில் ஒதுக்கும் குறை; வேகமாக ஓடும்போது முட்டியின் முன்பக்க எலும்புகள் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். பாதம் சற்று வெளிப்புறம் திரும்பியிருப்பது போன்ற சிறு கோணல்களைப் பொலிகுதிரையின் தேர்வில் சமாளித்துக்கொள்ளலாம்.

வாலைத் தூக்கிப் பார்க்கப் புதியவர்கள் கூச்சப்படுவதுண்டு, கூச்சம் வேண்டாம். பிறப்புறுப்பின் உதடுகள் செங்குத்தாகவும் இறுக்கமாகவும் மூடியிருக்க வேண்டும். அவை முன்னோக்கிச் சாய்ந்து, ஆசனவாய் உள்ளடங்கியிருந்தால், காற்றும் சாணமும் உள்ளே புகுந்து கருப்பையில் தொற்றை உண்டாக்கும். மேற்பகுதியைத் தைத்து மூடும் எளிய அறுவைச் சிகிச்சை உண்டு, ஆனால் ஈனும் முன் ஒவ்வொரு முறையும் பிரித்து, மீண்டும் தைக்க வேண்டும்.

வாங்கும் முன் உங்கள் சொந்தக் கால்நடை மருத்துவரைக் கொண்டு ஸ்கேனும், கருப்பைத் தொற்றுச் சோதனையும் செய்யுங்கள். சினை பிடிக்காமல் நிற்கும் குதிரையானால் கருப்பைத் திசுச் சோதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் முடிவு முதல் தரத்திலிருந்து மூன்றாம் தரம் வரை பிரித்துத் தரப்படும், மூன்றாம் தரம் என்றால் விலகிக்கொள்ளுங்கள். வயது ஏற ஏறச் சினை பிடிக்கும் திறன் குறையும் என்பதால், பதினைந்தை நெருங்கும் குதிரையை உங்கள் முதல் தாய்க்குதிரையாக வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

படி 4: பொலிகுதிரையை எண்களால் வடிகட்டுங்கள்

பொலிகுதிரையின் கட்டணம் பொதுவாக முதல் ஆண்டில் உயர்ந்து, இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் இறங்கும். அதன் முதல் குட்டிகள் இன்னும் ஓடியிருக்காது, புதுமையும் போயிருக்கும். இன்டூ மிஸ்சீஃப் என்ற பொலிகுதிரை 2009-இல் பணியைத் தொடங்கியது. ஒரு கட்டத்தில் அதன் கட்டணம் 7,500 டாலருக்கு இறங்கியது. 2019 முதல் வட அமெரிக்காவின் முன்னணிப் பொலிகுதிரையாக உயர்ந்த பின்னர் அதே கட்டணம் 2,50,000 டாலரைத் தொட்டது. இப்படி ஒன்று அமைந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலான இளம் பொலிகுதிரைகள் அப்படி உயர்வதில்லை. குட்டியை விற்கப் போகிறவர் இளம் பொலிகுதிரையைத் துணிந்து பார்க்கலாம். தாமே ஓட்டப் போகிறவருக்கு, பெயர் மங்கியிருந்தாலும் ஓடும் குட்டிகளைத் தொடர்ந்து தரும் வயதான பொலிகுதிரையே ஏற்றது.

ஓடிய குட்டிகளைக் கொண்ட பொலிகுதிரைக்கு இரண்டு குறியீடுகளை ஒப்பிடுங்கள். முதலாவது அதன் குட்டிகளின் சராசரி வருவாய்க் குறியீடு, 1.00 என்பது இனத்தின் சராசரி. இரண்டாவது, அதே தாய்கள் பிற பொலிகுதிரைகளுடன் சேர்ந்து ஈன்ற குட்டிகளின் குறியீடு. முதலாவது 1.40 ஆகவும் இரண்டாவது 1.80 ஆகவும் இருந்தால், அந்தப் பொலிகுதிரை சிறந்த தாய்களைப் பெற்றும் அவற்றின் தரத்தைக் காக்கவில்லை என்று பொருள். முதலாவது 1.20, இரண்டாவது 1.00 என்றால், எளிய தாய்களை அது உயர்த்துகிறது. உங்களிடம் இருப்பதும் எளிய தாய்தான்.

படி 5: இருவரையும் பொருத்திப் பாருங்கள்

தாயின் ஒரு குறைக்கு எதிர்க்குறை உள்ள பொலிகுதிரையைத் தேடாதீர்கள். அந்த உறுப்பு நேராகவும் சரியாகவும் உள்ளதைத் தேடுங்கள். இரண்டு எதிர்க்குறைகள் சேர்ந்து நடுநிலை பிறக்கும் என்பதற்கு உறுதியில்லை, இரண்டில் ஒன்று அப்படியே வந்து நிற்கவும் கூடும்.

ஓடும் தூரத்தை அறிய, தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவின் சோதனை உதவும். சி-சி வகை குறுந்தூர வேகத்துக்கும், டி-டி வகை நெடுந்தூரத்துக்கும், சி-டி வகை இடைத்தூரத்துக்கும் சாய்ந்தவை. தாய் டி-டி, பொலிகுதிரை சி-சி என்றால் குட்டி உறுதியாக சி-டி ஆகும். ஆயினும் இது தூரத்தைச் சொல்லுமே தவிர, தரத்தைச் சொல்லாது. வம்சத்தில் ஒரே முன்னோர் இருபுறமும் மூன்றாம், நான்காம் தலைமுறையில் வருவது இந்த இனத்தில் வழக்கமானது. அதைவிட நெருக்கமான உறவைப் புதியவர் தவிர்ப்பது நலம்.

படி 6: ஒப்பந்தமும் காலமும்

கட்டணம் எப்போது செலுத்தப்பட வேண்டும் என்பதை எழுத்தில் பெறுங்கள். குட்டி உயிருடன் பிறந்து, எழுந்து நின்று, பால் குடித்த பிறகே கட்டணம் என்ற விதியுள்ள ஒப்பந்தம் சிறு முதலீட்டாளருக்குப் பெரும் பாதுகாப்பு. கட்டணத்துக்குப் பதிலாகக் குட்டியின் விற்பனையில் பங்கு தரும் ஏற்பாட்டையும் கேட்டுப் பாருங்கள். பொலிகுதிரைக்குப் போதிய தாய்கள் கிடைக்காத பண்ணைகள் சில வேளைகளில் இணங்கும்.

வட அரைக்கோளத்தில் ஜனவரி 1-ஆம் நாளும், தென் அரைக்கோளத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் 1-ஆம் நாளும் எல்லாத் தரோபிரெட் குதிரைகளுக்கும் ஒரு வயது கூடும். பருவத்தின் கடைசியில் பிறந்த குட்டி, தன்னைவிடச் சில மாதம் மூத்தவற்றுடன் ஏலத்திலும் திடலிலும் நிற்க வேண்டியிருக்கும். குதிரைகள் பகல் நீளும்போதே பருவத்துக்கு வருவதால், குளிர்காலத்தில் ஏறத்தாழ 60 நாள்கள் இயற்கை ஒளியும் விளக்கொளியுமாக நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சம் கிடைக்கச் செய்தால் பருவம் முன்கூட்டியே வரும்.

சேர்க்கைக்குப் பின் 14 முதல் 16 நாள்களுக்குள் முதல் ஸ்கேனைத் தவறாமல் எடுங்கள். இரட்டைக் கரு தெரிந்தால் இந்தக் கட்டத்தில்தான் மருத்துவரால் ஒன்றை எளிதில் நசுக்கி நீக்க முடியும். விட்டுவிட்டால் பெரும்பாலும் இரண்டும் கலைந்துவிடும், தாய்க்கும் ஆபத்து. ஏறத்தாழ 28-ஆம் நாளில் இதயத் துடிப்பைக் காட்டும் இரண்டாம் ஸ்கேன் வந்த பிறகு குதிரையை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். பதிவுக்குத் தேவையான சேர்க்கைச் சான்றிதழைப் பண்ணையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.