தெரிந்த வானத்திலிருந்து பிரெஞ்சு வானியற் சொற்களைக் கற்றல்

பிரான்சில் உறவினர் இருப்பதனால் பிரெஞ்சு படிப்போர் மட்டக்களப்பிலும் உள்ளனர். அவர்கள் வானியற் சொற்களைக் கற்க அகரவரிசைப் பட்டியலை நாட வேண்டியதில்லை, கிழமைகளிலிருந்தே தொடங்கலாம். திங்கட்கிழமையாகிய ‘லன்தி’யில் நிலவாகிய ‘லூன்’ இருப்பதைப் போல, ‘மார்தி’யில் செவ்வாயாகிய மார்ஸும், ‘மெர்க்ரெதி’யில் புதனாகிய மெர்க்யூரும், ‘ஜெதி’யில் வியாழனாகிய ஜூப்பித்தேரும், ‘வாந்த்ரெதி’யில் வெள்ளியாகிய வேனூஸும் இருக்கின்றன. சனிக்கிழமையான ‘சம்தி’ யூதரின் ஓய்வுநாளிலிருந்தும், ஞாயிறான ‘திமான்ஷ்’ ஆண்டவரின் நாள் என்பதிலிருந்தும் வந்தவையாதலால், சனியாகிய சாத்தூர்னையும் சூரியனாகிய சொலேயையும் தனியே மனனம் செய்ய வேண்டும்.

எந்தச் சொல்லையும் அதன் பாலைக் காட்டும் சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள்: ‘லா லூன்’ பெண்பால், ‘லெ சொலேய்’ ஆண்பால். உயிரொலியில் தொடங்கும் ‘எத்துவால்’ போன்ற சொற்களில் ‘லெ’, ‘லா’ இரண்டும் ‘ல்’ எனச் சுருங்கிப் பாலை மறைத்துவிடும் என்பதால், ‘யூன் எத்துவால்’ (ஒரு விண்மீன்), ‘யூன் எக்லிப்ஸ்’ (ஒரு கிரகணம்) என்றே குறித்துக்கொள்வது நல்லது. தமிழ் எழுத்து இங்கே ஒரு கைத்தடி மட்டுமே. ‘லூன்’ என்பதிலுள்ள உயிரொலி நம்மிடம் இல்லை. நாவை ‘ஈ’ சொல்வதற்குரிய நிலையில் வைத்து, உதடுகளை ‘ஊ’ போலக் குவித்துப் பழக வேண்டும்.

பிறகு வெளியே சென்று, பார்ப்பதைப் பெயரிட்டுச் சொல்லுங்கள். பறுவ நாளில் கல்லடிக் கடற்கரையில் நின்று, ‘லா லூன் ஸெ லேவ்’, அதாவது நிலவு எழுகிறது, எனலாம். முழுநிலவு ‘ப்ளேன் லூன்’. கார்த்திகை மீன்கள் ‘லே ப்ளேயாத்’, திருவாதிரை ‘பெத்தெல்ஜேஸ்’. துருவ விண்மீனான ‘எத்துவால் போலேர்’ பாரிசில் ஏறத்தாழ 49 பாகை உயரத்தில் நிற்க, இங்கே மட்டக்களப்பில் ஏறத்தாழ 8 பாகையிலேயே தாழ்ந்திருப்பதால் பனையும் தென்னையும் அதை எளிதில் மறைக்கும். ஆனால் மே மாத முன்னிரவில் தெற்கே தெரியும் ‘க்ருவா துயி சூத்’ என்னும் தென்சிலுவையைப் பிரான்சின் பெருநிலப்பரப்பில் எவரும் காண முடியாது. அங்குள்ள உறவினரிடம் தொலைபேசியில் அதை வருணித்துக் காட்டுவதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

விண்வெளிச் சொற்களுக்குப் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்தின் ஒளிப்பதிவுகள் போதும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை ஏந்திய ஏரியான் 5 ஏவூர்தி, 2021 டிசம்பர் 25 அன்று அங்கிருந்தே கிளம்பியது. ஏவூர்தி ‘ஃப்யூஸே’, மூட்டுதல் ‘அலுமாஜ்’, புறப்பாடு ‘தெகோலாஜ்’. பத்திலிருந்து ஒன்றுவரை அவர்கள் இறங்குவரிசையில் எண்ணும்போது உடன் எண்ணினால், எண்களும் சேர்ந்து பழகிவிடும்.