ஏழு நூலா, ஆறு நூலா? பழைய காருக்கு பிரேக் சாமான் தேடும் விதம்

சாமான் தேடிக் கிளம்புமுன் நான்கு டிரம்மையும் கழற்றிவிடுங்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ போய், "அண்ணாச்சி, அம்பாசடர் வீல் சிலிண்டர் கிட் வேணும்" என்று நின்றால், விவரம் தெரிந்த கடைக்காரர் திருப்பிக் கேட்பது, "எத்தனை நூலு? சாம்பிள் கொண்டாந்திருக்கீயளா?" என்றுதான். (பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளி டிரம்மில் அழுத்துவது வீல் சிலிண்டர்; கிட் என்பது அதற்குள் இருக்கும் ரப்பர் கப் முதலிய சாமான்.) அம்பாசடர் ஐம்பது வருஷத்துக்கு மேல் வந்த வண்டி. 2014-ல்தான் உற்பத்தி நின்றது. அதற்குள் எத்தனையோ மாற்றம். போதாக்குறைக்கு, டாக்சியாக ஓடிய காலத்தில் அன்றைக்குக் கிடைத்ததை மாட்டி அனுப்பியிருப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடலை நம்பி பிரேக் சாமான் வாங்கக்கூடாது.

பட்டறைக் கணக்கில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். ஆறு நூல் சிலிண்டர் என்றால் உள்விட்டம் 19.05 மி.மீ., ஏழு நூல் 22.2 மி.மீ., முழு இஞ்ச் 25.4 மி.மீ. சிலிண்டரின் வெளிப்புறத்தை கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் வார்ப்பிலேயே அளவு எழுதியிருப்பது பல நேரம் தெரியும். ஆனால் ஏற்கனவே ஸ்லீவ் (உள்ளே செருகும் உலோகக் குழல்) போட்ட சிலிண்டரில் அந்த எண் பொய் சொல்லலாம். வெர்னியரை உள்ளே விட்டு அளந்துவிடுங்கள். முன்னும் பின்னும் அளவு வேறாக இருப்பது வழக்கம்தான். இடமும் வலமும் வேறாக இருந்தால் ஆபத்து: ஆறு நூலைவிட ஏழு நூல் சிலிண்டர் அதே அழுத்தத்தில் ஷூவை 36 சதவீதம் கூடுதலாகத் தள்ளும். பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மெக்கானிக் அலைன்மென்ட்டைக் குறை சொல்வார்.

பழைய சாமானில் எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதில் இளக்கம் காட்ட வேண்டாம். டிரம், பேக் பிளேட், அட்ஜஸ்டர், ஹேண்ட் பிரேக் லீவர், லைனர் (டிரம்மில் உராயும் பட்டை) போன வெறும் ஷூ, இவையெல்லாம் காயலான் கடையில் எடுக்கலாம். ரப்பர், ஹோஸ் (சக்கரத்துக்குப் போகும் வளையும் ரப்பர் குழாய்), பைப் மூன்றும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். சின்ன ஊர்க் கடைகளில், அம்பாசமுத்திரம், திசையன்விளை பக்கம், அலமாரி அடியில் பழைய ஒரிஜினல் கிட் கிடைக்கும். பெட்டியைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ரப்பர் கப்பை வளைத்துப் பாருங்கள். உதட்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, வளைத்தது மெதுவாகத் திரும்பினாலோ அது நம்மூர் வெயிலில் அலமாரியிலேயே செத்த ரப்பர்.

சிலிண்டரின் உட்சுவரில் லேசான கறை என்றால் நுண்ணிய எமரி போதும். கப் ஓடும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் எமரியால் தீராது. மாற்று சிலிண்டர் கிடைக்காத வண்டிக்கு பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டு பழைய அளவுக்கே கடைந்து எடுப்பதுதான் வழி. லேத் பட்டறையில் இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள்: ஆயில் வரும் துளையின் உள்விளிம்பில் பிசிறு இருக்கக்கூடாது, வாய் விளிம்பைச் சரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புது கப்பை மாட்டும்போதே விளிம்பு அறுத்துவிடும்.

பைப் விஷயத்தில்தான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகளில் ஒன்றரை நூல் பைப்புக்கு மூன்று நூல், இஞ்சுக்கு 24 த்ரெட் (மரை) உள்ள நட்டு. பியட் வழி வந்த பத்மினியில் மெட்ரிக் எம்-10, அதாவது 10 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். விட்டத்தில் அரை மி.மீ. கூட வித்தியாசமில்லை. எம்-10 துளையில் மூன்று நூல் நட்டு லொடலொடவென்று ஏறி, இறுகுவதுபோலக் காட்டி, ஓங்கி மிதிக்கும்போது கழன்றுவிடும். விரலால் சுற்றும்போதே ஆட்டம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். உவரி, திருச்செந்தூர் பக்கம் கடற்கரையில் நின்ற வண்டியென்றால் பைப்பைக் கிளிப்பிலிருந்து விலக்கிப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் கிளிப் மறைவில் உப்புத் தின்றிருக்கும்.

ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு சூடேறினால், அந்தச் சக்கரத்தில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி சக்கரம் விடுபட்டால் பெரும்பாலும் ஹோஸ்தான். எல்லாச் சக்கரமும் பிடித்தால், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறுதுளை அடைத்திருக்கிறது, அல்லது பெடலிலிருந்து அதைத் தள்ளும் புஷ் ராடுக்கு இடைவெளி இல்லை.

இங்கே கிடைக்காததற்கு சென்னை ஜி.பி. ரோடு, பழைய சாமானுக்கு புதுப்பேட்டை. கிர்லிங் (பிரிட்டிஷ் பிரேக் கம்பெனி) வகை உதிரிகளுக்கு பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா தயாரிப்பு கிடைத்தால் அதையே வாங்கலாம். அம்பாசடர் உத்தரபாராவில் உருவான வண்டி என்பதால் கொல்கத்தா மல்லிக் பஜார் கைகொடுக்கும். வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு, அதன் தாய் வண்டியான ட்ரையம்ப் ஹெரால்டின் சாமான் இங்கிலாந்தில் இன்றும் புதிதாக வருகிறது. அளந்து பார்த்துத்தான் ஆர்டர் போட வேண்டும். போட்டோ அனுப்பும்போது சாமான் பக்கத்தில் ஸ்கேலை வைத்து எடுங்கள். இரட்டை லீடிங் ஷூ (இரண்டு ஷூவும் சக்கரம் சுற்றும் திசையில் அழுந்தும் வகை) வண்டியில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிலிண்டர். எண்ணிக்கையும் இடம்-வலமும் சேர்த்து எழுதுங்கள்.

ஷூவுக்கு லைனர் அடிக்கக் கொடுக்கும்போது டிரம்மையும் சேர்த்துக் கொடுங்கள். கடைந்த டிரம்முக்குப் பழைய அளவு லைனர் போட்டால் நடுவில் மட்டும் உட்காரும். அசல் விட்டத்துக்கு மேல் 1.5 மி.மீ. தாண்டிய டிரம்மைத் தூக்கிப் போட்டுவிடலாம். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்) இருக்கலாம். தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

மாட்டும்போது பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதா கிரீஸ் எதுவும் ரப்பரைத் தொடக்கூடாது. ஒரே வாரத்தில் கப் ஊதிவிடும். பிரேக் ஆயிலால் கழுவி, ரப்பர் கிரீஸ் தடவுங்கள். ஊற்றும் பிரேக் ஆயில் டாட்-3 அல்லது டாட்-4 தரம், சீல் பிரிக்காத ஒரு லிட்டர் பாட்டில் பெரும்பாலும் போதும். ஏர் எடுப்பது (பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது) மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்திலிருந்து: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பிறகு பெடலை ஒரு நிமிஷம் ஓங்கி மிதித்துப் பிடியுங்கள். எங்கும் கசியாமலே பெடல் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் கப் ஆயிலை விடுகிறது. அந்த வண்டியை தெருவுக்கு எடுக்கக்கூடாது. சரியாக நின்றால் சமதரையில் 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டிரம்மை ஒருமுறை திறந்து, லைனர் முழு நீளத்துக்கும் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, அட்ஜஸ்டரை ஒரு பல் ஏற்றிய பிறகு காரையாறு மலைப்பாதைக்குப் போகலாம்.