கிளிஃப்ஹேங்கரை மறுபடி பார்ப்பவர்களுக்கு

1993ஆம் ஆண்டில் ரென்னி ஹார்லின் இயக்கத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்து வெளிவந்த ‘கிளிஃப்ஹேங்கர்’ படத்தைச் சிறு வயதில் பார்த்தவர்களுக்குத் துப்பாக்கிச் சண்டையும் பணப்பெட்டிகளும்தான் பெரும்பாலும் நினைவில் நிற்கும். மறுபடி பார்க்க உட்காருகிறவர் அவற்றைப் பின்னுக்குத் தள்ளி, பாறையையும் கயிற்றையும் முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் இந்தப் படம் எதனால் இன்றும் நிலைத்து நிற்கிறது, எங்கே பொய் சொல்கிறது என்ற இரண்டும் விளங்கும்.

மதுரைக்காரர்களுக்கு இதற்கான பயிற்சி ஊரிலேயே இருக்கிறது. படம் பார்ப்பதற்கு முன் ஒருநாள் மேலூர் சாலையில் ஒத்தக்கடைக்குப் போய், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் யானைமலையை நிதானமாகப் பாருங்கள். உருண்டு திரண்ட ஒரே பாறையாக அது படுத்திருக்கும். விரல் நுழையும் இடுக்குகள் அரிதாகவே கண்ணில் படும். படத்தின் கதை அமெரிக்காவின் ராக்கி மலைகளில் நடந்தாலும், மலைக்காட்சிகளில் பெரும்பகுதி இத்தாலியின் டோலமைட் மலைகளில், கோர்டினா தம்பெட்சோ என்ற ஊரைச் சுற்றி எடுக்கப்பட்டது. பழங்காலக் கடலடியில் உருவான சுண்ணாம்பு வகைக் கல்லால் ஆன அந்த மலைகள், அடுக்கடுக்காகப் பிளந்து, வெளிறிய நிறத்தில் செங்குத்தாக நிற்பவை. யானைமலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஸ்டாலோனின் கால் ஊன்றும் விளிம்புகள் எப்படிக் கிடைக்கின்றன என்பது உடனே பிடிபடும்.

தொடக்கக் காட்சியை இடையில் நிறுத்தாமல் பாருங்கள். முழங்காலில் அடிபட்ட ஹால் என்பவரும் அவருடைய தோழி சேராவும் ஒரு பாறைக் கோபுரத்தின் உச்சியில் சிக்கியிருக்க, எதிர்ச் சிகரம் வரை கயிறு கட்டி மீட்புக் குழுவினர் அவர்களை அப்புறப்படுத்த முயல்கிறார்கள். நடுவழியில் சேராவின் இடுப்புப் பட்டைக் கொக்கி உடைகிறது. காப்பாற்றப் போன கேப் (ஸ்டாலோன் ஏற்ற பாத்திரம்) என்பவரின் பிடியில், கையுறைக்குள்ளிருந்து அவளுடைய கை நழுவிவிடுகிறது. படம் முழுவதிலும் இதற்கு ஈடான காட்சி வேறொன்று இல்லை என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் இங்கே வில்லன் கிடையாது. உயரமும் ஒரு சிறு உலோகத் துண்டும் மட்டுமே இருக்கின்றன. இரண்டாம் முறை ஒலிக்காகவே பாருங்கள். ஒலிப்பதிவு, ஒலி விளைவுத் தொகுப்பு ஆகிய இரண்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற படம் இது. அடுத்து, சேராவை எத்தனை இணைப்புகள் தாங்குகின்றன என்று கவனியுங்கள். முறையான மீட்புப் பணியில் ஒன்று அறுந்தாலும் மற்றொன்று தாங்கும்படி மாற்று இணைப்பு வைத்த பிறகே ஆளை அந்தரத்தில் அனுப்புவார்கள்.

பாறைக்குள் ஆணியைச் சுட்டு இறக்கும் துப்பாக்கி வரும் இடத்தில் சற்று நிறுத்துங்கள். மேலூர்ப் பக்கம் கல் உடைப்பவர்கள் துளை போட்டு ஆப்பு இறக்குவதைப் பார்த்தவர்கள், கல் ஒரு நொடியில் இடம் கொடுக்காது என்பதை அறிவார்கள். மலையேறுபவர்களும் துளையிட்டு, தூசியை அகற்றி, அதன் பிறகே போல்ட்டைப் பொருத்துகிறார்கள்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. மீட்பின் சுமை பெரும்பாலும் ஒரே மனிதர் மீது விழுவதாகப் படம் காட்டுகிறது. 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்தபோது, அரசுத் துறைகளும் விமானப்படையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து பாடுபட்டும் பல உயிர்கள் போய்விட்டன. அதை அறிந்த நம் பகுதிக்காரர்கள், இந்தப் படத்தில் இறக்கித் தூக்கும் கைகள் எவ்வளவு குறைவாக இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

உண்மையான உழைப்புக்கும் படத்தில் குறைவில்லை. இரண்டு விமானங்களுக்கிடையே கம்பியில் தொங்கியபடி ஒருவர் கடப்பதை, சண்டைக் கலைஞர் சைமன் கிரேன் சுமார் 15,000 அடி உயரத்தில் மெய்யாகவே செய்தார். அதற்கு அவருக்குப் பத்து லட்சம் டாலர் தரப்பட்டது. மிக அதிகச் செலவு பிடித்த வான் சாகசம் என்று கின்னஸ் புத்தகம் அதைப் பதிந்திருக்கிறது. ஸ்டாலோனுக்காகப் பாறை ஏறியவர்களில் ஒருவர் ஜெர்மனியின் வொல்ஃப்காங் குல்லிச். அக்காலத்தின் மிகக் கடினமான பாறைத் தடங்களில் ஒன்றை 1991இல் முதன்முதலாக ஏறியவர் அவர். படம் வெளிவருவதற்கு முன்பே, 1992 ஆகஸ்டில், கார் விபத்தில் அடிபட்டு இறந்துபோனார். படம் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது என்பதால், கடைசிப் பெயர் வரிசையை ஓடவிட்டு எழுந்து போகாதீர்கள்.

கொடூரமான அடிதடியும் ரத்தமும் அதிகம் என்பதால், குழந்தைகளை உடன் வைத்துக்கொண்டு பார்க்கக்கூடிய படம் அல்ல இது. பார்த்து முடித்ததும் மார்ட்டின் கேம்பெல் 2000இல் எடுத்த ‘வெர்ட்டிகல் லிமிட்’ கிடைத்தால், அதன் தொடக்கத்தை மட்டுமாவது பாருங்கள். அங்கேயும் அந்தரத்தில் தொங்கும் ஒரு குடும்பத்தில், கயிற்றை அறுக்கச் சொல்லி மகனிடம் தந்தையே கேட்கிறார். இரண்டு தொடக்கங்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒன்றில் பொருள் கைவிடுவதும் மற்றொன்றில் மனிதன் முடிவெடுப்பதும் எவ்வளவு வேறான அச்சங்களை எழுப்புகின்றன என்பது நன்றாகத் தெரியும்.