வெள்ள நேரத்தில் ஃபார்வர்டு செய்வதற்கு முன்

2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி சென்னையில் அடையாறு கரை தாண்டியபோது, முடிச்சூரிலும் ஜாஃபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் யார் எந்த மாடியில் நிற்கிறார்கள், எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எந்த வீட்டில் தங்க இடம் இருக்கிறது என்பதையெல்லாம் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் முகம் தெரியாதவர்கள்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சமூக வலைத்தளங்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வாரம்தான் ஞாபகம் வரும். ஆனால் அதே நல்ல மனதோடு அப்போது செய்த தவறுகளை இன்னமும் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் செய்துகொண்டிருக்கிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தேதியும் நேரமும் போடாமல் அனுப்புவது. 'கைக்குழந்தையோடு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், உடனே அழையுங்கள்' என்ற செய்தி, அவர்கள் பத்திரமாக வெளியே வந்து இரண்டு நாள் ஆன பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். படகு அந்தத் தெருவரை போய் வெறுமனே திரும்பும், அந்த நேரத்தில் பக்கத்துத் தெருவில் நிஜமாகவே ஒருவர் காத்திருப்பார். கரண்ட் இல்லாத வீட்டில் மிச்சமிருக்கும் கொஞ்சம் சார்ஜும், விசாரித்து வரும் அழைப்புகளிலேயே தீர்ந்துபோகும். அதனால் தேதி, நேரம், கதவு எண், பக்கத்தில் உள்ள கோயிலோ கடையோ ஏதாவது அடையாளம், எத்தனை பேர், அதில் படுக்கையில் இருப்பவர் உண்டா, தண்ணீர் எவ்வளவு உயரம், இவ்வளவும் எழுதுங்கள். மீட்ட பிறகு ஃபேஸ்புக் பதிவைத் திருத்திவிடலாம். வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்கு மேல் திருத்த முடியாது, ஆகவே எந்தெந்தக் குழுவில் போட்டீர்களோ அங்கெல்லாம் 'மீட்டாயிற்று, இனி பகிர வேண்டாம்' என்று புதிதாக ஒரு செய்தி போட்டே ஆக வேண்டும். இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

அடுத்தது, நம்பும்படியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவெடுப்பது. 2015-ல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு வதந்தி ஊரையே நடுங்க வைத்தது, அது பொய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் பக்கம் முதலை ரோட்டைக் கடக்கும் வீடியோ வந்தது, அது உண்மை. இப்படி இருக்கும்போது நம் மனதுக்குத் தோன்றுவதை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்? யார் முதலில் சொன்னது, எப்போது எடுத்தது என்றுதான் கேட்க வேண்டும். 'நாசா சொல்கிறது' என்று மழை அளவோடு வந்த செய்தியும் அந்த 2015 மழையில் பரவிய பொய்தான். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது பலமுறை கைமாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020-லேயே கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள், ஆனாலும் ஒவ்வொன்றாக அனுப்பத்தான் செய்கிறோம்.

பெண்களின் செல் நம்பரைப் பொதுப் பதிவில் போடாதீர்கள். வெள்ளம் வடிந்துவிடும், அந்த நம்பருக்கு வரும் தொல்லை நிற்காது. உதவி ஒருங்கிணைக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுத்தால் போதும்.

நிவாரணத்துக்குப் பணம் கேட்டு வரும் க்யூஆர் கோடையும் சும்மா பகிர்ந்துவிடக் கூடாது. ஸ்கேன் செய்தால் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள், தெரிந்தவராக இருந்தால்கூட ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, குழுவில் போட்டுவிட்டதாலேயே சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொள்வது. நூறு பேர் கைகூப்பும் எமோஜி போடுவார்கள், கட்டுப்பாட்டு அறைக்கு ஒருவர்கூடப் பேசியிருக்க மாட்டார். சென்னை மாநகராட்சிக்கு 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, எந்த அவசரத்துக்கும் 112. முதலில் இங்கே பேசுங்கள், பிறகு பதிவு போடுங்கள். இந்த எண்களை மழைக்கு முன்பே வீட்டுப் பெரியவர்களின் போனில் பதிந்து, வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புவது எப்படி என்று ஒருமுறை அவர்கள் கையாலேயே செய்ய வைத்துவிடுங்கள்.