மருத்துவமனையில் கேஸ் ஷீட் நகல் வாங்குவது எப்படி?

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம் கழித்து, மூட்டு ஆபரேஷனுக்காக வேறு ஊரில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். "முன்னாடி ஏதாவது மருந்து ஒத்துக்காமப் போயிருக்காம்மா?" என்று கேட்டார். "ஏதோ ஊசி போட்டதும் உடம்பெல்லாம் அரிச்சுது, என்ன ஊசின்னு தெரியலையே" என்றார் அம்மா. கையில் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழைய கேஸ் ஷீட்டை, அதாவது மருத்துவமனையில் இருந்த நாட்களின் முழு சிகிச்சைக் குறிப்புகளை, வாங்கி வந்தால்தான் தேதி குறிக்க முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பழைய மருத்துவமனைக்குப் போனேன். "அதெல்லாம் வெளிய தர்றதில்ல சார்" என்றார்கள் கவுண்டரில். நான் குரலை உயர்த்தினேன், அவர்களும் உயர்த்தினார்கள். வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டாவது முறை ஒரு பக்கக் கடிதத்தோடு போனேன், மூன்றாம் நாள் நகல் கைக்கு வந்தது. அந்த இரண்டாவது முறை செய்ததைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். தனியார் மருத்துவமனைக்கான வழி முதலில். அரசு மருத்துவமனைக்குக் கடைசியில் வருகிறேன்.

படி 1: ஐபி நம்பரைக் கண்டுபிடியுங்கள்

உள்நோயாளியாகச் சேரும்போது தருகிற எண்தான் ஐபி நம்பர். டிஸ்சார்ஜ் சம்மரியின் தலைப்பிலும் பில்லிலும் இருக்கும். சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி, சிகிச்சை தந்த டாக்டரின் பெயர், அவருடைய பதிவு எண் ஆகியவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு எண்ணுக்கு அலைய வேண்டாம். மருந்துச்சீட்டு, சான்றிதழ், பண ரசீது எல்லாவற்றிலும் டாக்டர் தன் பதிவு எண்ணைப் போட்டாக வேண்டும் என்பது விதி.

படி 2: யார் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

நோயாளியே கேட்கலாம். அவரால் நடமாட முடியாவிட்டால், அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு வீட்டில் ஒருவர் போகலாம். இருவரின் ஆதார் நகலும் கையில் இருக்கட்டும். நோயாளி இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொண்டுபோங்கள்.

இங்கே அடையாளம் கேட்டால் கோபப்படாதீர்கள். நோயாளியைப் பற்றித் தெரிந்துகொண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது டாக்டருக்கு உள்ள கடமை. யார் வந்து கேட்டாலும் எடுத்து நீட்டுகிற மருத்துவமனையை நான் நம்ப மாட்டேன்.

படி 3: கடிதம் எழுதுங்கள்

சட்டம் இந்த இடத்தில்தான் வருகிறது. இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இரண்டு விஷயங்களைச் சொல்கின்றன. உள்நோயாளியின் ஆவணங்களை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் (பிரிவு 1.3.1). நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் (பிரிவு 1.3.2). கொடுக்க மறுப்பது தொழில்முறைத் தவறு என்று பிரிவு 7.2 சொல்கிறது. புதிய விதிகள் ஆகஸ்ட் 2023இல் வந்து, அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. 2002 விதிகளே தொடர்கின்றன. அதனால் எங்காவது "ஐந்து வேலை நாள்" என்று படித்தால் குழம்ப வேண்டாம், அது அந்தப் புதிய விதியின் கணக்கு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: இந்த விதிகள் கட்டுப்படுத்துவது டாக்டரை, கட்டடத்தை அல்ல. எனவே "நிர்வாகத்தினருக்கு" என்று மட்டும் எழுதாதீர்கள். மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்குக் கீழே, சிகிச்சை தந்த டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையும் போடுங்கள். என் கடிதம் இவ்வளவுதான்:

"ஐயா, என் தாயார் (பெயர், ஐபி எண்) இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தார். அவருடைய மேல்சிகிச்சைக்காக, சேர்க்கைக் குறிப்பு, கன்சென்ட் படிவங்கள், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ் குறிப்புகள், மருந்துச் சார்ட், பரிசோதனை முடிவுகள் உள்ளிட்ட முழு மருத்துவ ஆவணங்களின் நகலை, 2002 விதிகள் பிரிவு 1.3.2இன்படி 72 மணி நேரத்துக்குள் தருமாறு வேண்டுகிறேன். நகல் கட்டணத்தைச் செலுத்துகிறேன்."

'முழு ஆவணங்கள்' என்று மட்டும் எழுதினால், டிஸ்சார்ஜ் சம்மரியை இன்னொரு முறை பிரிண்ட் போட்டு நீட்டிவிடுவார்கள். அதனால்தான் அந்தப் பட்டியல்.

படி 4: கொடுத்ததற்கு முத்திரை வாங்குங்கள்

இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதி, நேரம், கையெழுத்து, முத்திரை வாங்குங்கள். 72 மணி நேரம் ஓடத் தொடங்குவதற்கு அந்த நேரம்தான் சாட்சி. வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். வெளியே வந்து ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையுடன் அனுப்பிவிட்டு, அதே கடிதத்தை மருத்துவமனை மெயிலுக்கும் அனுப்புங்கள்.

"பில் பாக்கி இருக்கு, கட்டினாத்தான் தருவோம்" என்று சில இடங்களில் சொல்வார்கள். பாக்கி வேறு, ஆவணம் வேறு. அந்த விதியில் அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது.

படி 5: கவுண்டரிலேயே உட்கார்ந்து புரட்டுங்கள்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். நான் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன்.

முதலில் பக்க எண். விட்டுப்போன பக்கத்தை அங்கேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்தது கன்சென்ட் படிவம். ஆபரேஷனுக்கு முன் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டியது டாக்டரின் கடமை. எந்த ஆபரேஷன் என்று அதில் எழுதியிருக்கிறதா, கோடிட்ட இடங்கள் காலியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு டெல்லி வழக்கு இதற்கு நல்ல பாடம். லேப்ரோஸ்கோப்பி (வயிற்றுக்குள் குழாய் வழியாகப் பார்க்கும்) பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, அவருடைய தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கருப்பையை அகற்றிவிட்டார்கள். நோயாளி வயது வந்தவர், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. எனவே தாய் தந்த சம்மதம் செல்லாது, ஒன்றுக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது என்றது நீதிமன்றம். நம் ஊரில் நோயாளியைக் கட்டிலில் விட்டுவிட்டு, வராண்டாவில் நிற்கும் மாமனிடம் கையெழுத்து வாங்குகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

அப்புறம் நர்ஸ் குறிப்புகள். பெரும்பாலோர் இதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, கொடுத்தவர் கையெழுத்து என்று ஒவ்வொரு வேளைக்கும் இருக்க வேண்டும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்திடுவதுதான் முறை. வெள்ளை மை பூசி மேலே எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கேஸ் ஷீட் நகலில் 37ஆவது பக்கத்தில் இருந்தது நான் தேடி வந்தது. ஆங்கிலத்தில் மூன்றே வரி. இரவு 10.10க்கு செஃப்ட்ரியாக்சோன் (ஓர் ஆன்டிபயாடிக்) 1 கிராம் ஊசி. 10.25க்கு உடம்பெங்கும் தடிப்பு, அரிப்பு. டியூட்டி டாக்டருக்குத் தகவல், மருந்து நிறுத்தம். கீழே கிறுக்கலாக ஒரு கையெழுத்து. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் எழுதிய பக்கத்திலும் இது இல்லை, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இல்லை. நைட் டியூட்டியில் இருந்த அந்த நர்ஸ் தன் கடமையைச் செய்திருக்காவிட்டால் எங்களுக்கு அந்த மருந்தின் பெயர் தெரிந்தே இருக்காது. கேஸ் ஷீட் கேட்டாலே வழக்குப் போடத்தான் என்று மருத்துவமனைகள் பயப்படுகின்றன. கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த டாக்டரிடம் காட்டத்தான் அது வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு சின்ன விஷயம்: ஒவ்வாமையைச் சிவப்பு மையில் எழுதியிருந்தாலும் செராக்ஸில் எல்லாம் கறுப்புதான். கண் தானாக அங்கே போகாது, வரி வரியாகப் படியுங்கள்.

படி 6: 72 மணி நேரம் தாண்டியும் தரவில்லையா?

முதலில் ஒரு நினைவூட்டல் கடிதம். பாதிப் பிரச்சினை அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மூன்று கதவுகள் இருக்கின்றன.

டாக்டர் மீதான புகாருக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது. மருத்துவமனை மீதான புகாருக்கு உங்கள் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர். தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்வது அவர் அலுவலகம்தான் என்பதால் அவர் அனுப்பும் ஒரு கடிதத்துக்கு மரியாதை அதிகம். சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் 2 ஆண்டுக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

போலீசுக்கு ஓடுவதை நான் சொல்ல மாட்டேன். டாக்டர் மீது அலட்சிய வழக்கு என்றால், வேறொரு டாக்டரின் கருத்தை முதலில் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இலேயே சொல்லிவிட்டது. நகல் வாங்குவதற்கு அது சுற்றுவழி.

அரசு மருத்துவமனை என்றால்

அதே கடிதத்தை மருத்துவமனைத் தலைவருக்குக் கொடுங்கள். பலன் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. விபத்து, அடிதடி என்று சேர்க்கப்பட்டவர்கள் ஏஆர் காப்பியையும் (விபத்துப் பதிவேட்டின் நகல்) சேர்த்துக் கேளுங்கள், காப்பீட்டுக்கு அது தேவைப்படும்.

எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. 1995இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கோடு அது. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசம் என்றால், இலவசமாகப் பார்த்துக்கொண்டவரும் போகலாம்.

வாங்கிய நகலை ஒரு முறை ஸ்கேன் செய்து மெயிலில் போட்டுவையுங்கள். அம்மாவின் ஃபைல் அட்டையில் செஃப்ட்ரியாக்சோன் ஆகாது என்று மார்க்கரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன், இந்த முறை சிவப்பிலேயே.